கொடி காட்டுபவர்

"கொடி காட்டுறவன் ரயிலை இழுக்க மாட்டான் மாப்ளே! இழுக்கிறது எஞ்சின். உன் ஆட்டக்காரங்க எஞ்சின், நீ வெறும் கொடி!"

சோபாவில் சாய்ந்திருந்த மாமனார் இதைச் சொல்வது எத்தனையாவது தடவை என்று எண்ணத் தொடங்கியவர்கள் யாரும் எண்ணி முடித்ததில்லை. ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அவருடைய மீசை உள்ளே நுழையும். கொஞ்ச நேரம் கழித்து அவர் வருவார்.

மாப்பிள்ளை கால்பந்து அணியின் கோச். போன ஆட்டத்தில் நடுவரின் விசிலைப் பிடுங்கித் தானே ஊதிவிட்டதால், இன்று மைதானத்துக்குள் கால் வைக்கத் தடை. இன்று பார்த்து சீசனின் கடைசி ஆட்டம். தோற்றால் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கும். கோச்சின் வேலை போய்விடும்.

"கால் வைக்கக் கூடாதுன்னுதானே சொன்னாங்க? விரல் வைக்கக் கூடாதுன்னு சொல்லலையே!" என்று போனை எடுத்தார் கோச். மைதானத்தில் இருக்கும் துணைக் கோச்சுக்கு மெசேஜ் பறந்தது: 'பசங்க எப்படி இருக்காங்க?'

'சரி சார்' என்று பதில் வந்தது.

"பாவம், பதற்றத்துல இருக்கான்" என்றார் கோச்.

"உன்னால இன்னிக்கு உன் டீம் ஜெயிச்சுடட்டும், இந்த மீசையையே எடுத்துடறேன்!" என்றார் மாமனார்.

"அப்பா, வாயைக் கொடுத்து மாட்டிக்காதீங்க" என்று வாசற்படியில் நின்றபடி எச்சரித்தாள் மகள்.

இடைவேளைக்கு முன்பே எதிரணி ஒரு கோல் போட்டது. கோச் நகத்தைக் கடித்தார். நகம் தீர்ந்ததும் சோபாவின் உறையைக் கடித்தார். பிறகு வெறி பிடித்தவர்போலத் தட்டினார்: 'குருவியை இறக்கு! இடது பக்கம்! பந்து தரையோட போகணும்!'

மாமனார் முதுகு வலி என்று முனகி, தலையணையைச் சரிசெய்துகொண்டு குனிந்தார்.

'சரி சார்.'

டி.வி.யில் அடுத்த நிமிடமே, குருவி என்று எல்லோரும் கூப்பிடும் அந்தக் குட்டைப் பையன் இடது பக்கம் இறங்கினான். பந்து தரையோடு தரையாக ஊர்ந்தது. கோல்!

"பாத்தீங்களா மாமா! நான் தட்டினேன், அங்க நடந்துச்சு!"

"ஓடினது குருவியோட காலு. உன் கட்டைவிரல் இல்ல!"

ஆட்டம் முடிய மூச்சு விடும் நேரம் இருந்தபோது குருவி இன்னொன்று போட்டான். மகள் துள்ளிக் குதித்ததில் சுவர்க் கடிகாரம் நின்றுவிட்டது. மாமனார் டி.வி.க்கு முத்தம் கொடுத்தார். மீசை அதில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

"மாமா, மீசை!" என்றார் கோச், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மீசைப் பேச்சு முடிவதற்குள், பக்கத்து மைதானத்திலிருந்து துணைக் கோச் வியர்வை சொட்டச் சொட்ட ஓடி வந்தார். "சார், ஜெயிச்சுட்டோம்! என் போன் இங்க இருக்கா பாருங்க. மதியம் ஜெர்சிப் பையை எடுக்க வந்தப்ப விட்டுட்டுப் போயிட்டேன்."

கோச்சுக்குச் சிரிப்பு உறைந்தது. துணைக் கோச்சின் எண்ணை அழுத்தினார். மாமனாரின் தலையணை குலுங்கியது.

"பூட்டு கூடப் போடாத போனு, மாப்ளே!" மாமனார் சோபாவில் புரண்டு புரண்டு சிரித்தார். "அத்தனை 'சரி சார்'உம் அடியேன்தான்! நீ அனுப்பினது ஒண்ணும் இந்த அறையைத் தாண்டலை. கொடியே இல்லாம ரயில் ஊர் போய்ச் சேர்ந்துடுச்சு. மீசை தப்பிச்சுது!"

கோச் தலையைத் தொங்கப் போட்டார். "அப்ப குருவியை இறக்கினது யாரு?"

"நான் கையைப் பிசைஞ்சுட்டு நின்னேன் சார். கேப்டன் ஓடி வந்து, 'இப்ப நம்ம சார் இருந்தா என்ன கத்துவாரு?'ன்னு கேட்டான். பெஞ்ச்ல இருந்த அத்தனை பேரும், எச்சில் தெறிக்க, அப்படியே உங்க குரல்ல கத்தினாங்க: 'குருவியை இறக்கு! இடது பக்கம்! பந்து தரையோட போகணும்!'"

சிரித்துக்கொண்டிருந்த மாமனார் மீசையை மெதுவாகப் பொத்திக்கொண்டார்.

மகள் வெந்நீர்க் கிண்ணத்தோடு வர, கோச் சவரக் கத்தியை மாமனார் கையில் பணிவாக வைத்தார்: "இழுக்கிறது நீங்கதான் மாமா. நான் வெறும் கொடி!"