குரங்கு கிழிக்காத பை

"யோவ் தனகோட்டி! கடிக்காதய்யா! விக்கிற பொருளு!"

சொக்கலிங்கம் கல்லாவை விட்டு எழுந்தே விட்டார். செஞ்சிக் கடைத்தெருவில் அவர் பைக்கடைக்கு எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். இழுத்துப் பார்ப்பார்கள், உதறிப் பார்ப்பார்கள், விலையைக் கேட்டு முகத்தைச் சுளிப்பார்கள். பையின் வாரைப் பல்லில் கவ்விக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிய முதல் ஆசாமி இந்தத் தனகோட்டிதான்.

"நாளைக்கு அதுங்க கடிக்கப் போவுது மொதலாளி. அதுக்கு முன்னாடி நானே கடிச்சுப் பாத்துடறேன்."

தனகோட்டி கோட்டைக் காவலாளி. தினமும் தளவானூரிலிருந்து சைக்கிள் மிதித்து வேலைக்கு வருகிறவன். தோளில் குறுக்காக ஒரு பை. அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒரு டார்ச் லைட், கோட்டைக் களஞ்சியத்துச் சாவி, அவ்வளவுதான் என்பான். ஆனால் அவன் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடுவதற்குள் கோட்டைக் குரங்குகள் மேலே வந்து விழுந்து, பையைப் பிடுங்கிக் கிழித்துவிடும். இதுவரை மூன்று பை போயிற்று. மூன்றும் இந்தக் கடையில் வாங்கியவை.

"முந்தாநேத்து சாவியைத் தூக்கினு ராஜகிரி மேல ஏறிட்டுதுங்க. மெட்ராஸ்லேந்து வந்த பெரிய ஆபீசர் வெயில்ல நிக்கறாரு. நான் சாவிக்குப் பின்னாடி மலை ஏறினு இருக்கறேன். எறங்கி வந்தா சூப்பர்வைசர் இன்னா சொல்றாரு தெரியுமா? இன்னொரு தபா சாவி மலை ஏறிச்சுன்னா நீ அப்படியே வூட்டுக்குப் போயிடுன்றாரு."

வருஷக்கணக்கில் தினக்கூலியாக நாயாய் அலைந்து, இப்போதுதான் அவனுக்கு வேலை நிரந்தரமாகி இருந்தது. மனுஷன் கெடுத்தாலாவது சண்டைக்குப் போகலாம். குரங்கிடம் போய் யார் நியாயம் கேட்பது?

சொக்கலிங்கத்துக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கடைத்தெரு முழுக்க இவன் கிழிந்த பையைக் காட்டிக்கொண்டு திரிந்தால் கடையின் பெயர் என்ன ஆவது?

"சாவியை இடுப்புல சொருகிக்கயேன்யா."

"மொழ நீளச் சாவி மொதலாளி. ஒரு நாள் சொருகினேன். சைக்கிள்ல குந்தவே முடியல."

"உள்ள சோறு கீறு வச்சிருக்கியா?"

"சத்தியமா இல்ல. சோறு கொண்டாறதையே நிறுத்திட்டு மத்தியானம் ஓட்டல்ல நாலு இட்லி துன்றேன். கூட இருக்கிற பச்சமுத்து ஒரு பழைய மஞ்சப் பையை ஆணியில மாட்டிட்டுத் தூங்கறான். ஒரு கொரங்கு அதைத் திரும்பிப் பாக்கல. எம்மேல மட்டும் அப்படி இன்னா கோவம்னு தெரியல. ஆஞ்சநேயருக்கு வடமாலைகூட சாத்திட்டேன்."

"சாத்தினதுக்கு அப்புறம்?"

"மூணாவது பையைக் கிழிச்சுதுங்க."

சொக்கலிங்கம் வாயைத் துண்டால் மூடிக்கொண்டார். சிரிப்பை அடக்கியதும் பரணில் ஏறி, தூசி தட்டி ஒரு பையை எடுத்துவந்தார்.

"பட்டாளத்துக் கூடாரத்துக் கித்தான். ரெட்டைத் தையல். வாய்க்குப் பித்தளை பக்கிள். இதை மட்டும் கொரங்கு கிழிச்சா நான் கடையை இழுத்து மூடிட்டு ரிஷிகேசம் போயிடறேன்."

தனகோட்டி சும்மா நம்பிவிடுகிற நிலையில் இல்லை. நகத்தால் பிராண்டினான். தையலைக் கடைவாயில் வைத்து மென்றான். பிறகு உத்தரத்துக் கொக்கியில் பையை மாட்டி, அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலையும் தூக்கி ஊஞ்சலாடினான். உத்தரம் முனகியது. தெருவில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"எறங்குய்யா! கொரங்கே உன்னப் பாத்தா வெக்கப்படும்!"

தையலில் ஒரு நூல் பிரியவில்லை. தனகோட்டி முகத்தில் பல நாள் கழித்து வெளிச்சம் வந்தது. பேரம்கூடப் பேசாமல் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினான். வேலை பிழைத்துவிட்டது என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"பொழச்சேன் மொதலாளி. நாளைக்கு வரட்டும் அதுங்க!"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் கால் வைத்தவனை சொக்கலிங்கம் கைதட்டிக் கூப்பிட்டார்.

"இரு, இரு! உன் கூத்துல மறந்தே போயிட்டேன். பையை இப்படிக் குடு."

வாங்கிய பையைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். படத்துக்கு அடியில் இருந்த டப்பாவைத் திறந்து, கமகமவென்று வறுத்த வேர்க்கடலை ஒரு பிடி, கூடவே ஓர் அச்சு வெல்லம் எடுத்துப் பையின் உள்ளறையில் போட்டு மூடினார்.

"புதுப் பையை வெறுமையா குடுக்கக் கூடாது. எங்க நைனா காலத்துலேந்து நம்ம கடை வழக்கம். இது லட்சுமி. பை இருக்கிற வரைக்கும் உள்ளேயே இருக்கணும், எடுத்துத் துன்னுடாத."

தனகோட்டி பையைப் பயபக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"சாமி விஷயம், நான் தொடுவனா மொதலாளி? கிழிஞ்ச மூணு பையிலயும் நீங்க போட்டது போட்டபடியே வச்சிருந்தேன்!"