ஐம்பத்து நான்கின் மீது ஒரு வழக்கு

குற்றவாளிக் கூண்டில் நின்றிருந்த ஐம்பத்து நான்குக்கு அவசரமாக ஒண்ணுக்கு வந்தது.

ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினான். காவலுக்கு நின்ற எட்டு வயதுப் போலீஸ்காரர்கள் இருவரும் விரலை மடக்கச் சொல்லி முறைத்தார்கள்.

கூண்டு என்பது குறுக்கே இழுத்துப் போட்ட பெஞ்சு. ஐம்பத்து நான்கு என்பது கழுத்தில் அட்டை தொங்கிய பொடியன். குற்றம், ஏழெட்டின் வீட்டுக்குள் புகுந்து, அங்கே குடியிருக்க வேண்டிய ஐம்பத்தாறை வெளியே தள்ளிவிட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தது.

மறுநாள் வாய்ப்பாட்டுத் தேர்வு.

பாடம் நடத்தினால் கொட்டாவி விடுகிற மூன்றாம் வகுப்பு, கேஸ் நடத்தினால் கண்கொட்டாமல் பார்க்கும் என்பது டீச்சரின் கண்டுபிடிப்பு. ஒத்திகைத் தேர்வில் ஏழெட்டு ஐம்பத்து நான்கு என்று வகுப்பே எழுதியிருந்தது. பக்கத்தில் எட்டிப் பார்த்து எழுதினால்கூட இவ்வளவு ஒற்றுமை வராது.

இன்றைக்குள் இவனுக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்து, ஏழெட்டின் பக்கமே தலைவைத்துப் படுக்காதபடி விரட்டிவிட வேண்டும். சத்தமில்லாமல். நாலு சுவருக்குள்.

அப்போதுதான் தலைமையாசிரியர் உள்ளே வந்தார்.

திட்டுகிற மனிதர் என்றால் சமாளித்துவிடலாம். இவர் ரசிக்கிற மனிதர். பிள்ளைகள் விளையாட்டாகப் படிக்க வேண்டும் என்று லீவு நாளில்கூட வந்து உழைத்தவர். ரசித்தால் உட்கார்ந்துவிடுவார்.

“அட, கோர்ட்டா! ஜட்ஜு எங்க?” என்று கேட்டுக்கொண்டே டீச்சரின் நாற்காலியில் உட்கார்ந்தும்விட்டார்.

டஸ்டரை எடுத்து மேசையில் ஓங்கித் தட்டினார். சாக்பீஸ் தூள் புகையாகக் கிளம்பியது. நீதிபதி இருமினார். மரியாதைக்கு நீதிமன்றமும் சேர்ந்து இருமியது.

டீச்சர் நாற்காலியைப் பார்த்தார், கூண்டைப் பார்த்தார். இந்த மனிதர் வேறு எந்த நாளாவது வந்திருக்கக் கூடாதா? வேறு எந்த எண்ணாவது கூண்டில் நின்றிருக்கக் கூடாதா?

போன வருடம் இவருடைய மேடைப் பேச்சில் ஒரே ஒரு தப்பைச் சுட்டிக்காட்டிய பாட்டு டீச்சர், இன்றுவரை சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பொறுப்பாக இருக்கிறார்.

அரசுத் தரப்பு வக்கீல் சுருக்கமாக முடித்துக்கொண்டான். இவனைத் தூக்கில் போட வேண்டும், முடியாவிட்டால் முட்டி போட வைக்க வேண்டும்.

எதிர்த்தரப்புக்குக் கொசு எழுந்தாள். குரல் அவ்வளவுதான் இருக்கும் என்பதால் அந்தப் பெயர். ஆனால் கடித்தால் தெரியும்.

“கனம் கோர்ட்டார் அவர்களே, இவன் பாவம். இவன் வீடு ஆறொன்பது. தானா போயி ஏழெட்டுல உக்காரல. யாரோ கூட்டிட்டுப் போயி நிக்க வெச்சிருக்காங்க.”

“யாரும்மா அது? மொதல்ல அந்த ஆளப் புடிச்சுட்டு வாங்க!” நீதிபதிக்கு ரத்தம் கொதித்தது.

டீச்சர் தொண்டையைச் செருமினார். கை தவறியதுபோல் சாக்பீஸ் டப்பாவைத் தள்ளிவிட்டார். அடிக்காத மணி அடித்துவிட்டதாகக்கூடச் சொல்லிப் பார்த்தார். நீதிபதி கையமர்த்தினார்.

“பேரு தெரியல சார்,” என்றாள் கொசு. “ஆனா அன்னைக்கு அவர் கையில நீலப் பெயிண்ட் இருந்திருக்கும்.”

வகுப்பு முழுக்க மாடிப்படிப் பக்கம் திரும்பியது.

கீழிருந்து மாடிவரை, படிக்கு ஒரு பெருக்கல், பளிச்சென்ற நீலத்தில். ஏறும்போதே பிள்ளைகளுக்கு மனப்பாடமாகிவிடும் என்று போன விடுமுறை முழுக்க முழங்கால் வலியோடு குனிந்து குனிந்து தலைமையாசிரியரே எழுதியது. அவர் நினைத்தபடியே ஆகிவிட்டது. டீச்சர் கரும்பலகையில் ஐம்பத்தாறு என்று எழுதி எழுதி அழித்தார். பிள்ளைகளின் கால்களுக்கோ ஐம்பத்து நான்குதான் மனப்பாடம்.

நீதிபதி தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தார். ஓரத்தில் இன்னும் நீலம் இருந்ததோ என்னவோ, கையைச் சட்டென்று மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார். காது இரண்டும் சிவந்தன.

பிறகு எழுந்தார்.

“சபாஷ்! வேணும்னேதான் எழுதி வெச்சேன். எவன் கண்டுபுடிக்கிறான்னு இத்தனை நாளா பாத்துட்டு இருந்தேன்!”

வகுப்பு கூரை பிய்ந்துபோகக் கத்தியது. முதலில் கைதட்டியவர் டீச்சர்தான். கொசு மட்டும் தட்டவில்லை. வக்கீல்கள் பார்க்கிற பார்வை ஒன்று பார்த்தாள்.

தீர்ப்பு விடுதலை. அந்தச் சொல் முழுதாக வெளியே வருவதற்குள் ஐம்பத்து நான்கு கழிப்பறைப் பக்கம் பறந்துவிட்டான்.

தலைமையாசிரியர் கம்பீரமாக வாசல்வரை நடந்தார். அங்கே நின்றார். பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வாய் அசைவது தெரியாமல் கேட்டார்.

“டீச்சர்... மத்த படியெல்லாம் சரியாத்தானே இருக்கு?”

டீச்சருக்குச் சைக்கிள் ஸ்டாண்டு ஞாபகம் வந்தது. அங்கே நிழல்கூடக் கிடையாது. அடுத்து நாளைய தேர்வு ஞாபகம் வந்தது.

வாயைத் திறக்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து, மத்தியான வழக்குக்காக எழுதி வைத்திருந்த அட்டையை எடுத்து, அவர் கையில் கொடுத்தார்.

இருபத்தொன்பது.

அவர் அதைப் பார்த்தார். இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை, தேர்வெழுத மாடியேறிய பிள்ளைகள் இரண்டு இடங்களில் தாண்டிக் குதிக்க வேண்டியிருந்தது.

ஏழெட்டில் பெயிண்ட் காயவில்லை. ஒன்பது மூன்றிலும்.