மூன்றாவது பத்தி

மேகோங் கரைக் காப்பிக்கடையில் பிற்பகல் வெயில் மேசையின் பாதிவரை ஏறிவிட்டது. மனிவோனின் காப்பியில் ஐஸ் கரைந்து கோப்பையைச் சுற்றி ஈரம் பரவுகிறது. அவள் மடிக்கணினியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கணினி நிரல் கையேட்டை லாவோ மொழிக்குக் கொண்டுவரும் குழுவில் அவளையும் சேர்த்து மிச்சம் இரண்டே பேர். மொழிபெயர்த்தவரே ஒப்புதல் தரக்கூடாது, இன்னொருவர் முழுதும் படித்திருக்க வேண்டும் என்பது முதல் விதி. அந்த இன்னொருவன், புன்தோங், இப்போது தெற்கே சவன்னகேத் நகரில் நூடுல்ஸ் கடை நடத்துகிறான். அவள்தான் அவனை அழைத்திருக்கிறாள். போனில் கரண்டி பானையைத் தட்டும் சத்தம்.

"நான் மொழிபெயர்த்த பக்கத்த முழுசாப் படிச்சியாடா?"

"வரி விடாம படிச்சேன்க்கா. ஒப்புதலும் குடுத்தாச்சு, பாரு."

"மூணாவது பத்தி?"

"இருக்கறதுலயே அதான்க்கா பிரமாதம்! இரு, ஆள் வந்துருச்சு."

அழைப்பு நின்றுபோகிறது. திரையில் ஒப்புதலின் பச்சைக் குறி, பக்கம் வெளியாகிவிட்டது; இனி யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மூன்றாவது பத்தியின் நடுவே, போன வாரம் அவனுக்காக அவள் நுழைத்துவைத்த வரி அப்படியே இருக்கிறது: 'இதைப் படித்தால் எனக்கு ஒரு போன் பண்ணு.' பக்கத்தில் அவள் எண். அழிக்கப் போன விரல் நிற்கிறது. கைபேசியின் ஒலியைக் கூட்டி, ஈரம் படாத இடமாகப் பார்த்து வைக்கிறாள்.