நர்சம்மாவுக்குத் தொழில் வரி

"படிச்சதுக்கு அபராதமா?"

பஞ்சாயத்து ஆபீசுக்குள் நுழைந்ததுமே மரியபுஷ்பம் கத்தினாள்.

சேலத்திலிருந்து புதுச்சத்திரத்துக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. வாடகை வீட்டில் இருந்துகொண்டு சுற்றுப்பட்டுக்கெல்லாம் பிரசவம் பார்க்கிறாள். அவள் மேல் தொழில் வரி போட்டிருந்தார் பஞ்சாயத்துத் தலைவர் தண்டாயுதபாணி. அரை வருஷத்துக்கு ஆறு ரூபாய்.

"சட்டம் அப்படிங்க நர்சம்மா. சொந்தமாத் தொழில் பண்ணுனா வரி கட்டோணுமுங்க" என்றார் தலைவர்.

"ஆத்தாயி அக்காவும்தான் பிரசவம் பாக்குது. அதுக்கு வரி உண்டா?"

"அது கைப்பழக்கமுங்க. நீங்க படிச்சுப் பாஸ் பண்ணுனவங்க."

"யாரு காசுல படிச்சேன்? கவர்மெண்டா படிக்க வெச்சுது? கம்மலை வித்து, தையல் மிஷினை வித்து, மெட்ராசுல ஒன்றரை வருஷம் பணம் கட்டிப் படிச்சேன். அதுக்கு வாங்கின கடனுக்கு இன்னும் வட்டி கட்டிட்டிருக்கேன். அந்தச் செலவைக் கழிச்சுட்டு, மிச்சம் ஏதாவது இருந்தா அதுக்கு வரி போடுங்க!"

"படிப்புச் செலவைக் கழிக்கச் சட்டத்துல எடமில்லீங்க."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த மெம்பர் செங்கோட்டையன் சிரித்தார். "கட்ட முடியலீன்னா மூட்டையைக் கட்டச் சொல்லுங்க மாப்ளே!"

மரியபுஷ்பம் தலைவர் பக்கம் திரும்பினாள்.

"போன மாசம் உங்க மருமகளுக்குக் கொடி சுத்திப் பொறந்த புள்ளையக் காப்பாத்தினது எது? இந்தப் படிப்புதானே? இவ்வளவு குடுங்கன்னு வாய்விட்டுக் கேட்டேனா? குடுத்ததை வாங்கிட்டுப் பேசாமப் போனேன். கொஞ்சமாவது நன்றி இருக்கா உங்களுக்கு?"

தலைவர் ரசீதுப் புத்தகத்தைக் கிளார்க் பக்கம் நகர்த்தினார்.

"இன்னைக்கே கட்டிருங்க நர்சம்மா."

இன்னைக்கே! காலையிலிருந்து ஆள் மேல் ஆள் அனுப்பியிருந்தார். வரி போட்ட இந்த ஒரு வாரத்தில், சந்தையில் நாலு பேர் முன்னால் நிற்க வைத்து அவரைத் திட்டியும் பார்த்துவிட்டாள். மனுஷன் அசையவே இல்லை.

சுருக்குப் பையை அவிழ்த்தாள். ரூபாயும் நயா பைசாவுமாக மேஜை மேல் கொட்டினாள். ஒரு காசு உருண்டு கீழே விழுந்தது. அவள் குனியவில்லை. தலைவரே குனிந்து எடுத்தார்.

கிளார்க் ரசீது எழுதி, முத்திரை குத்தி நீட்டினார். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"நல்லா இருங்க! ஏழை வயித்துல அடிச்சு ஊரை நல்லா நடத்துங்க!"

அவள் வாசலைத் தாண்டுவதற்குள் செங்கோட்டையன் குரல் கேட்டது.

"அப்பறம் என்னங்க மாப்ளே, அந்த மனுவை இன்னைக்குக் கூட்டத்துல எடுக்கலாமுங்களா? இவ சர்ச்சுக்குப் போற வேதக்காரி, வேத்தூர்க்காரி. நம்மூட்டுப் பொண்டுகளைத் தொடக்கூடாது, இந்த ஊர்ல பிரசவமே பாக்கக்கூடாதுன்னு தீர்மானம் போடச் சொல்லி நான் எழுதிக் குடுத்து ஒரு வாரமாச்சு."

மரியபுஷ்பம் விருட்டென்று திரும்பி வந்தாள்.

"வரியையும் புடுங்கிட்டு ஊரை விட்டும் தொரத்துவீங்களா? நீங்கள்லாம் மனுஷங்களா?"

தலைவர் மேஜை டிராயரிலிருந்து மனுவை எடுத்தார். மடித்து, செங்கோட்டையன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"பஞ்சாயத்தே வரி வாங்கி ஒத்துக்கிட்ட தொழிலை, அதே பஞ்சாயத்து எப்படீங்க மாமா நிறுத்தறது? இந்த ரசீதை அவங்க கையில குடுக்கறதுக்குத்தானுங்க, ஒரு வாரமா நர்சம்மாகிட்டத் திட்டு வாங்கிட்டிருக்கறேன்!"