கேடயத்தின் ஒடுக்குகள்

முன்னொரு காலத்தில் இங்கிலாந்தில் ஒருவன் இடுப்பில் ஒரு வாளும் ஒரு குட்டிக் கேடயமும் தொங்கின. தெருவில் இறங்கினால் போதும், அவன் வாளை உருவித் தன் கேடயத்தையே ஓங்கி அடிப்பான். டணார் என்ற சத்தத்துக்கே ஆட்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள்.

"எதிரி எங்கப்பா? அடியெல்லாம் எனக்குத்தானே விழுது?" என்றது கேடயம்.

"பொறுத்துக்கோ. சத்தம் பெருசா இருந்தா சண்டையே வராது" என்றது வாள்.

ஒருநாள் எதிரே வந்தவன் ஒதுங்கவில்லை. சத்தமில்லாமல் வாளை உருவினான். நம்மவன் இரண்டையும் கீழே போட்டுவிட்டு ஓடியே போனான். அன்றைக்கு மட்டும் கேடயத்தின் மேல் ஒரு கீறலும் விழவில்லை.

இப்படிக் கேடயத்தைத் தட்டித் திரிந்தவர்களுக்கு ஊர் வைத்த பெயர் 'ஸ்வாஷ்பக்ளர்'. 'ஸ்வாஷ்' என்றால் சத்தம் வர ஓங்கி அடிப்பது, 'பக்ளர்' என்றால் குட்டிக் கேடயம். வெறும் சத்தக்காரன் என்ற ஏளனம்தான். காலப்போக்கில் ஏளனம் உதிர்ந்து, அதே சொல்லுக்குத் துணிச்சல்காரன், சாகச வீரன் என்று பொருளாகிவிட்டது.

வாளும் கேடயமும் இப்போது அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. பார்க்க வந்த ஒரு பெண் மகளிடம் சொன்னாள்: "எத்தனை ஒடுக்கு பாரு! எவ்வளவு சண்டை பார்த்திருக்கும்!"

"உண்மையைச் சொல்லிடப் போறியா?" என்று வாள் கேடயத்திடம் கிசுகிசுத்தது.

கேடயமோ, ஒடுக்குகள் நன்றாகத் தெரியும்படி வெளிச்சத்தின் பக்கம் லேசாகத் திரும்பிக்கொண்டது.