முதல் மடக்கு

என் ஒரே மகளுக்கு நான் போட்ட விலை, ஆண்டுக்கு ஒரு குளிர்கால விடுமுறை.

அதில் அரை நாள்கூடக் குறைப்பதாக இல்லை.

எதிர் சோபாவில் உட்கார்ந்திருந்தவர் சம்பந்தி. ஓர் இரவு ரயில் தூரத்தில் மசாலாச் சரக்கு மொத்த வியாபாரம். நான் திரைச்சீலைத் துணி விற்கிறவன். பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடிந்து வரும் முதல் விடுமுறை என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை அழைத்து வைத்தேன். அவர் மரியாதையாகவே மனைவியோடும் பெட்டியோடும் வந்து இறங்கிவிட்டார்.

வெளியே காது மடல் உதிர்ந்துவிடும் போல் குளிர். கதவைத் திறந்ததும் என் மகள் தட்டோடு நின்றாள். விடுமுறைக்கு யார் வந்தாலும் வாசலிலேயே கையில் ஒரு சூடான கோப்பை. ஆப்பிள் சாறு, ஆரஞ்சுத் தோல், பட்டை, கிராம்பு, தேன், மேலே மிதக்க நாலு திராட்சை. தட்டைச் சாயாமல் பிடிக்கத் தெரிந்த வயதிலிருந்து அந்த வேலை அவளுடையது.

சம்பந்தி கோப்பையை மூக்கருகே கொண்டுபோனார். முகம் மலர்ந்தது.

“நாங்க அனுப்பின பட்டைதானே? மத்தவன் விக்கிறதுக்குப் பேரு பட்டை இல்ல சம்பந்தி, விறகு.”

ஆனால் குடிக்கவில்லை.

நானும் குடிக்கவில்லை.

கடைத்தெருவில் வளர்ந்தவர்களுக்குக் காரணம் தெரியும். பேரம் நடக்கும்போது குடிக்க ஏதாவது கொடுப்பார்கள். விலை படியும்வரை அதைத் தொடக் கூடாது. உதடு பட்டுவிட்டால், எதிராளி கடைசியாகச் சொன்ன விலைக்குச் சம்மதம் என்று அர்த்தம். நாக்கு ஒட்டிக்கொண்டாலும் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். முதலில் குடிக்கிறவன் வியாபாரி இல்லை, வாடிக்கையாளன்.

“வாங்க சம்பந்தி, தேன் போதுமான்னு பாருங்க” என்று என் மனைவி அவர் மனைவியைச் சமையலறைக்குக் கூட்டிப்போனாள். எங்கள் கடையில் விலை சொல்வது நான், பில் போடுவது அவள். இந்த வியாபாரத்துக்கு பில் வேண்டியதில்லை, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சம்பந்தி கோப்பையைக் கை மாற்றிக்கொண்டு ஆரம்பித்தார்.

“பையனுக்கு வருஷத்துல கிடைக்கிற லீவே இந்த ஒரு வாரம்தான். இனிமே அது எங்க வீட்டுல.”

“என் பொண்ணுக்கும் அதே வாரம்தாங்க.”

“சரி, மூணு வருஷம் எங்களுக்கு, ஒரு வருஷம் உங்களுக்கு.”

“அந்த விலையெல்லாம் மொத்தமா எடுக்கிறவங்களுக்கு. என்கிட்ட இருக்கிறது ஒண்ணே ஒண்ணு.”

மகள் தட்டை இடுப்பில் ஊன்றிக்கொண்டாள். “அப்பா, கத்திரிக்கோல் எடுத்துட்டு வரவா? அளந்து ஆளுக்குப் பாதியா கிழிச்சுக்கோங்க.”

பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை சிரிப்பை அடக்கத் திராட்சையாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

கோப்பையில் ஆவி இளைத்தது. நான் வாயால் பேரம் பேசினேனே தவிர, கண் அந்தத் தட்டைவிட்டு நகரவில்லை. அடுத்த குளிர்காலத்தில் அதை யார் பிடிப்பது? நான் பிடித்து நின்றால் விருந்தாளிகள் தெருமுனையோடு திரும்பிவிடுவார்கள்.

சம்பந்தி தட்டைப் பார்க்கவில்லை. மகன் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையிலும் இருப்பு ஒன்றுதான்.

“ரெண்டுக்கு ஒண்ணு” என்றார், குரல் கொஞ்சம் கரகரத்து. “இதுக்கு மேல இறங்கினா எனக்குக் கட்டாது.”

“எனக்கு அசலே தேறாதுங்க.”

சமையலறையில் வெடிச்சிரிப்பு. சிரித்தபடியே இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். என் மனைவி எங்கள் கைகளைப் பார்த்தாள். ததும்பத் ததும்ப இரண்டு கோப்பை, இரண்டும் ஆறிப்போய்.

“இன்னும் குடிக்கலையா? நாங்க எப்பவோ குடிச்சாச்சு.”

அவள் விரல்களில் இரண்டு காலிக் கோப்பைகள் தொங்கின. ஒன்றின் அடியில் ஒரு திராட்சை ஒட்டிக்கொண்டிருந்தது.

“எப்ப?” சம்பந்தியும் நானும் ஒரே குரலில் கேட்டோம். அன்றைக்கு நாங்கள் ஒத்துப்போனது அந்த ஒரு வார்த்தையில்தான்.

“நீங்க கோட்டு மாட்டக் கொக்கி தேடிட்டு இருந்தீங்களே, அப்பவே” என்றார் அவர் மனைவி.

“என்ன விலைக்கு?” என்றேன். தொண்டை நிஜமாகவே வறண்டிருந்தது.

“ஒரு வருஷம் இங்க, ஒரு வருஷம் அங்க” என்றாள் என் மனைவி. “பிள்ளைங்க மட்டும் இல்ல, ஆறு பேரும். அடுத்த வருஷம் கடையைப் பூட்டிட்டு நீங்களும் நானும் ரயில் ஏறுறோம்.”

முடிந்துபோன வியாபாரத்துக்கு இவ்வளவு நேரம் நாக்கைக் காயப்போட்டிருந்தோம்.

மகள் தட்டை மாற்றிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். அடுத்த குளிர்காலத்தில் அந்த வாசலில் அவள் நிற்பாள். குளிரிலிருந்து உள்ளே வருகிற விருந்தாளி நான்.

“இதைக் கொஞ்சம் சூடாக்கி…” என்று சம்பந்தி கோப்பையை நீட்டினார்.

“அடுப்படிப் பக்கமே வராதீங்க” என்றார் அவர் மனைவி. “அதையே குடிங்க. அடுத்த தடவையாவது சீக்கிரம் வாயை மூடுவீங்க.”

ஆறினதையே குடித்தோம். தேன் முழுக்க அடியில் தங்கியிருந்தது. கடைசி மடக்குவரை போனவர்களுக்குத்தான் அது கிடைத்தது.

வரவு, இங்கே ஒரு குளிர்காலம். பற்று, அங்கே ஒரு குளிர்காலம். கணக்கு நேர்.

முதலில் உதடு வைத்தது யார் என்பது மட்டும் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

அவர்தான்.