நாக்கை நீட்டும் நேரம்

ஜன்னல் வெயில் மேஜைக்கே வந்துவிட்டது, தேநீரில் ஆடை படிந்துவிட்டது, செல்போன் மட்டும் வாய் திறக்கவில்லை. காசநோய் மாத்திரை விழுங்குவதைத் தினமும் காலையில் வீடியோ எடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் வெல்டர், "வயித்தப் பொரட்டுது, இனிமே மாத்திரையே வேணாம்" என்று நேற்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டார். மருந்துக்கு வரிசையில் நிற்பவர்களுக்குச் சீட்டு எழுதிக்கொண்டே போனை எட்டி எட்டிப் பார்க்கிறாள் நர்ஸ். மேஜை அதிர்கிறது. திரையில் அவரேதான்: நெற்றிக்கு ஏற்றிய கறுப்புக் கண்ணாடி, கன்னத்தில் கரி, பின்னால் யாரோ இரும்படிக்கும் சத்தம். மாத்திரையைத் தூக்கிக் காட்டி, முகத்தை அஷ்டகோணலாக்கி விழுங்குகிறார். உள்ளே போனதற்குச் சாட்சியாக நாக்கை முழ நீளத்துக்கு நீட்டுகிறார். நீட்டியபடியே குழறுகிறார்: "உள்ள போட்டுக்கலாமா தங்கச்சி?" அது நேரடி அழைப்பல்ல, சற்று முன் எடுத்து அனுப்பிய வீடியோ என்பதே மறந்துபோய், வரிசையில் நிற்பவர்களெல்லாம் திரும்பிப் பார்க்க, "போட்டுக்கோங்கண்ணே" என்கிறாள் அவள்.